பொழுது சாய்ந்தால் வண்டி எடுக்காதவர்

அவருக்கும் ஒரு பெயர் இருந்திருக்கும். பட்டணத்துக்கு வெளியே நாங்கள் இருந்த பொங்கோலில் யாரும் அதைச் சொல்லி அவரைக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எங்கள் தென்னந்தோப்புக்குள் முதன்முதலாக மோட்டார் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியவர் அவர்தான். அதனால் எல்லோருக்கும் மோட்டாரண்ணன்.

ஆள் நல்ல உயரம். பித்தளைப் பொத்தான் வைத்த காக்கிக் கோட்டு போட்டிருப்பார். பொத்தான்களைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று வைத்திருப்பார். வண்டியை நிறுத்தியதும் இறங்கிவிட மாட்டார். தோப்புக் கூலிகள் சுற்றி வந்து வேடிக்கை பார்க்கும்வரை ஸ்டீரிங் மேல் கை வைத்து நேரே பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். யார் எதைச் சொல்ல வந்தாலும் பாதியிலேயே, "தெரியும், தெரியும்" என்று கையை அசைத்துவிடுவார். மழை வரும் என்றால் தெரியும். பாலத்தில் பலகை ஆடுகிறது என்றாலும் தெரியும். அவருக்குத் தெரியாதது ஒன்றும் உலகத்தில் இல்லை என்பது போல இருக்கும்.

நான் அப்போது அக்காள் வீட்டில் இருந்தேன். முதல் பிள்ளை தங்காமல் போன துக்கத்தில் கிடந்த அவளுக்குத் துணையாக என்னைக் கப்பலேற்றி வரவழைத்திருந்தார்கள். அத்தான் அந்தத் தோப்பில் கணக்கெழுதும் கிராணி. தோப்பு ஒரு மரைக்காயர் முதலாளிக்குச் சொந்தம். அவருக்குப் பட்டணத்துத் தேக்காவில் பெரிய கடை. வாரத்துக்கு ஒரு நாள் மோட்டாரில் வந்து கொப்பரைக் களங்களைப் பார்த்துவிட்டுப் போவார். அவர் களத்தைச் சுற்றும் நேரத்தில் மோட்டாரண்ணன் எங்கள் வீட்டுப் பின்கட்டில் உட்கார்ந்து காப்பி குடிப்பார்.

வெயில் கொஞ்சம் தணிந்தால் போதும், அவருக்கு இருப்புக் கொள்ளாது. எழுந்து களத்துப் பக்கம் எட்டிப் பார்ப்பார், திரும்பி வந்து உட்காருவார், மறுபடி எழுவார். "மொதலாளி, பொழுது சாயுது, கெளம்பலாம்" என்று அவசரப்படுத்துவார். இருட்டில் ஓட்டினால் டயர் கெட்டுப்போகும் என்று ஒரு நாள் சொன்னார். பொங்கோல் சாலையில் ராத்திரியில் மலைப்பாம்பு குறுக்கே படுக்கும், சக்கரத்தில் சுற்றிக்கொண்டால் வண்டி குடைசாயும் என்று இன்னொரு நாள் சொன்னார். முன்விளக்குக்குப் போடும் கார்பைடு ஈரமாகிவிட்டது என்று பல நாள் சொல்லியிருக்கிறார். மோட்டாரைப் பற்றி எங்களில் யாருக்கு என்ன தெரியும்? முதலாளியே நம்பினார். மீறி நேரமாகிவிட்டால் தோப்பு பங்களாவில் தங்கிவிட்டு விடிந்ததும் போவார்கள்.

தங்கும் நாட்களில் அவரை இன்னும் பிடிக்காது எனக்கு. விளக்கு வைத்த பிறகு இருந்த இடத்தை விட்டு அசைய மாட்டார். தண்ணீர் வேண்டுமென்றாலும் இருந்த இடத்துக்கே வரவேண்டும். சோற்றுத் தட்டைக் கொண்டுபோய்க் கையில் கொடுக்கவேண்டும். "மோட்டார் ஓட்டுற கையாம், எழுந்து வந்து வாங்குனா தேஞ்சுபோயிடுமாம்" என்று அக்காளிடம் முணுமுணுப்பேன். ஒரு நாள் பொழுது மங்கிய நேரத்தில், அத்தான் வாசலில் போட்டிருந்த பெஞ்சில் மோட்டாரண்ணன் கால் இடறிக் குப்புற விழுந்தார். நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அவர் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு, "பெஞ்சப் போடுற எடமா இது?" என்று அத்தானிடம் சத்தம் போட்டார். முகம் வெளுத்திருந்தது. வெறும் கோபம் என்றுதான் நான் நினைத்தேன்.

அந்த மாரிக்காலத்தில் ஒரு விபத்து நடந்தது. கொப்பரை படகில் ஏறத் தாமதமாகி, முதலாளி கடையில் ஏதோ அவசரம் என்று பொழுது சாயும் நேரத்தில் கிளம்பச் சொல்லிவிட்டார். மோட்டாரண்ணன் என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். நடக்கவில்லை. சிராங்கூன் சாலையில் பாலத்துக்கு முன்னால் இருக்கும் வளைவில் ஒரு மாட்டுவண்டி மேல் மோட்டார் ஏறியது. ஒரு மாடு அங்கேயே செத்தது. வண்டிக்காரர் கால் சக்கரத்தடியில் மாட்டிக்கொண்டது. முதலாளி பின்னால் தூங்கிக்கொண்டிருந்ததால் எதையும் பார்க்கவில்லை. வண்டியடியில் தொங்கிய லாந்தர் நசுங்கிப் போயிருந்தது. எரிந்துகொண்டிருந்ததா அணைந்திருந்ததா என்று நசுங்கிய லாந்தரைப் பார்த்து யார் சொல்ல முடியும்? கோர்ட்டில் மோட்டாரண்ணன், "விளக்கு எதுவும் தெரியலங்க" என்றார். வண்டிக்காரர், எரிந்தது எரிந்தது என்று கத்தினாராம். விளக்கில்லாமல் வண்டி ஓட்டியதற்கு வண்டிக்காரருக்கே அபராதம் போட்டு, அவருடைய மாட்டுவண்டி லைசென்சையும் வாங்கிக்கொண்டார்கள்.

அந்தச் செய்தியை எங்களிடம் சொன்னபோது மோட்டாரண்ணன் காப்பியைக் குடிக்காமலே வைத்திருந்தார். "பாவம், காலு போச்சே" என்றாள் அக்காள். அவர், "தெரியும்மா" என்றார். அவ்வளவுதான்.

அக்காள் மறுபடி முழுகாமல் இருந்தாள். நாள் நெருங்குமுன்னே ஒரு மாலை அடுப்படியில் வழுக்கி விழுந்தாள். வலி எடுத்தது. பக்கத்தில் கம்பம் என்று சொல்லும் மலாய்க் குடியிருப்பிலிருந்து மருத்துவச்சி ஓடி வந்து வயிற்றைத் தடவிப் பார்த்தாள். பிள்ளை குறுக்கே கிடக்கிறது, என் கையில் ஒன்றுமில்லை, பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று மலாயில் சொல்லிவிட்டாள். உதிரப்போக்கும் தொடங்கிவிட்டது. மாட்டுவண்டியில் போனால் போய்ச் சேர்வதற்குள் உயிர் இருக்காது. அன்றைக்குப் பார்த்து முதலாளி பங்களாவில் தங்கியிருந்தார். அத்தான் அங்கே ஓடினார். நானும் பின்னாலேயே ஓடினேன். வெளிச்சம் போய் அதிக நேரம் ஆகியிருக்கவில்லை.

"கார்பைடு இல்லீங்க மொதலாளி" என்றார் மோட்டாரண்ணன், உட்கார்ந்த இடத்திலிருந்தே.

"காலையிலதானே டின்னு வாங்குன?"

"டயரு ஒண்ணு காத்து எறங்கியிருக்கு."

அத்தான் லாந்தரைத் தூக்கிக்கொண்டு போய் நாலு சக்கரத்தையும் காலால் உதைத்துப் பார்த்தார். "நல்லாத்தானே அண்ணே இருக்கு!" என்று அழுதார். அவர் காலைத் தொடக் குனிந்தார். மோட்டாரண்ணன் காலை இழுத்துக்கொண்டார்.

முதலாளிக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒரு பொம்பள செத்துக்கிட்டிருக்கா. டயராம், கார்பைடாம்! நீ எடுக்கலேன்னா நாளைலேர்ந்து எங்கிட்ட வராத."

மோட்டாரண்ணன் எழுந்து, ஒரு கையால் சுவரைத் தொட்டபடியே வண்டிக்கு வந்தார். அதை நான் பார்த்தேன். ஆனால் மனதில் வாங்கிக்கொள்ளவில்லை. அக்காளைப் பின்னால் படுக்கவைத்து, தலையை அத்தான் மடியிலும் காலை மருத்துவச்சி மடியிலும் தாங்கிக்கொண்டார்கள். முதலாளி தான் உட்காரும் இடத்தை அவர்களுக்கு விட்டுவிட்டு அங்கேயே நின்றுகொண்டார். நான் எங்கே உட்காருவது என்று முழித்தபோது மோட்டாரண்ணன், "தங்கச்சி முன்னால வரட்டும். வெளக்கப் பாத்துக்க ஒரு ஆளு வேணும்" என்றார். அயல் ஆண்பிள்ளை பக்கத்தில் உட்காரும் கூச்சமெல்லாம் எனக்கு அப்போது தோன்றவேயில்லை.

தோப்புக்குள் பாதை ஒரே நேராகப் போகும். அதைக் கடந்து சாலைக்குத் திரும்பும் இடத்தில் வண்டி நின்றதுபோல் மெதுவானது.

"தங்கச்சி" என்றார், உதடு அசையாமல்.

"என்னண்ணே?"

"திரும்பிப் பாக்காத. ரோட்டப் பாரு. பாத்து எனக்கு மெதுவாச் சொல்லு. பின்னால கேக்கக்கூடாது."

"என்னத்தச் சொல்ல?"

"ரோடு எப்படிப் போவுது, எதுக்க என்ன வருதுன்னு."

"நீங்க பாக்கலியா?"

"எனக்குத் தெரியலம்மா."

அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டதேயில்லை. எனக்குப் புரியவில்லை. முன்விளக்கு இரண்டும் வெள்ளையாக எரிந்து, செம்மண் சாலையும் ரப்பர் மரங்களும் நன்றாகத் தெரிந்தன.

"பொழுது சாஞ்சா எனக்குக் கண்ணு போயிடும். சின்னப் பிள்ளையிலேர்ந்தே. பெரிய வெளக்கு மட்டும் புள்ளியாத் தெரியும். அது காட்டுற எடம் தெரியாது."

கதவைத் திறந்து குதித்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது. "நிறுத்துங்க" என்றேன்.

"நிறுத்தணும்னா நிறுத்துறேன். நீயே சொல்லு" என்றார்.

பின்னால் அக்காள் முனகினாள். அத்தான் அவளிடம், "இதோ வந்துட்டோம், இதோ வந்துட்டோம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பொங்கோலைக்கூட இன்னும் தாண்டவில்லை நாங்கள்.

"போங்க" என்றேன்.

இடம் வலம் என்று சொன்னால் அவசரத்தில் எனக்குக் குழம்பும். அதனால் அவர் சொல்லிக்கொடுத்தார். நான் இருக்கும் புறம் திருப்பவேண்டுமானால் "எம்பக்கம்", அவர் இருக்கும் புறம் என்றால் "ஒங்கபக்கம்". மற்றபடி "நேரா". அந்த மூன்று சொற்களோடு நாங்கள் போனோம். நேரா. நேரா. எம்பக்கம் கொஞ்சம். போதும். நேரா. எனக்கு நாக்கு உலர்ந்துபோனது. அவர் முகத்தில் வேர்வை வழிந்து கோட்டுக் காலர் நனைந்திருந்தது. கண்ணை அகல விழித்துக்கொண்டு, என் வாயைத்தான் காதால் பார்த்துக்கொண்டிருந்தார் என்று சொல்லவேண்டும்.

தெம்பனிஸ் சாலை வந்து சேரும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால், விளக்கே இல்லாத ஒரு மாட்டுவண்டி போய்க்கொண்டிருந்தது. மூங்கில் ஏற்றியிருந்தார்கள். மூங்கில் வண்டியைவிட நீளமாகப் பின்னால் நீட்டிக்கொண்டிருந்தது. வண்டியைப் பார்த்துவிட்டேன், மூங்கிலைப் பார்க்கவில்லை. பார்த்தபோது அது என் முகத்துக்கு நேரே இருந்தது.

"நில்லுங்க!"

வண்டி குலுங்கி நின்றது. மூங்கில் முனை என் தோளில் இடித்து நின்றது. பின்னால் அக்காள் அலறினாள்.

"என்னண்ணே, கண்ணு தெரியலியா?" என்று அத்தான் கத்தினார்.

எல்லோரும் கோபத்தில் சொல்கிற வார்த்தைதான் அது. மோட்டாரண்ணன், "தெரியுது, தெரியுது" என்றார். அவருடைய கை என் கையைத் தேடிப் பிடித்து, இருக்கிறேனா என்று பார்ப்பதுபோல ஒரு தரம் அழுத்திவிட்டு ஸ்டீரிங்குக்குப் போனது.

பட்டணம் நெருங்கத் தெருவிளக்குகள் வந்தன. இனிப் பயமில்லை என்று நான் மூச்சு விட்டேன். "இங்கதான் மோசம்" என்றார் அவர். "வெளக்குக்கும் வெளக்குக்கும் நடுவுல கெணறு மாதிரி இருக்கு." ரிக்‌ஷாக்கள், கைவண்டிகள், சாலையின் நடுவில் நின்று பேசும் ஆட்கள். சுண்ணாம்புக் கம்பம் குடியிருப்பைத் தாண்டியதும் ஒரு சீனக் கிழவர் தோளில் காவடிக் கூடையோடு குறுக்கே இறங்கினார். நான் வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. மோட்டாரண்ணனுடைய கோட்டுக் கையைப் பிடித்து இழுத்தேன். அவர் பிரேக்கை மிதித்துவிட்டார். கிழவர் பானெட்டில் ஓங்கித் தட்டித் திட்டிவிட்டுப் போனார். அந்தக் கிழவர் எவ்வளவு அருகில் வந்து தப்பினார் என்று வண்டிக்குள் அத்தானுக்கும் தெரியாது, மோட்டாரண்ணனுக்கும் தெரியாது. எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஆஸ்பத்திரியில் அக்காளை உள்ளே தூக்கிக்கொண்டு போனார்கள். மோட்டாரண்ணன் இறங்கவில்லை. ஸ்டீரிங்கைப் பிடித்த விரல்கள் பிரியவில்லை. நான்தான் ஒவ்வொன்றாக விரித்துவிட்டேன். கையைப் பிடித்துக் கூட்டிவந்து படியில் உட்கார வைத்தேன். எவ்வளவோ கேட்க இருந்தது. ஒன்றைத்தான் கேட்டேன்.

"அந்த மாட்டுவண்டிக்காரரு வெளக்கு வச்சிருந்தாராண்ணே?"

"தெரியலன்னு சொன்னேன்ல கோர்ட்டுல. அது பொய்யில்ல தங்கச்சி. எனக்குத் தெரியல." பிறகு, நான் விரித்துவிட்ட விரல்களை மறுபடி மடக்கிக்கொண்டு, "ஏன் தெரியலங்கிறதத்தான் சொல்லல" என்றார்.

அக்காள் பிழைத்தாள். பெண் பிள்ளை, கைக்குள் அடங்கிவிடும்போல் சின்னதாக, அதுவும் பிழைத்தது. அத்தான் வெளியே ஓடி வந்து மோட்டாரண்ணனைக் கட்டிக்கொண்டு, "தெய்வம்ணே நீங்க!" என்று அழுதார். அவர் என் பக்கம் முகத்தைத் திருப்பினார். நான் நின்ற இடத்துக்குச் சற்றுத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தது அந்த முகம்.

இதோடு முடிந்திருந்தால் அவர் அப்படியே காலத்தை ஓட்டியிருப்பாரோ என்னவோ. ஆனால் அந்தப் பயணம் தேக்கா முழுக்கப் பரவிவிட்டது. அடுத்த வாரம் முதலாளி அக்காளைப் பார்க்க வந்தபோது சிரித்துக்கொண்டே சொன்னார்: "இவன் டயரு, பாம்புன்னு இத்தன நாளா என்னை ஏமாத்திட்டான். இருட்டுல இப்படி ஓட்டுறவன வச்சுக்கிட்டு நான் ஏன் பயப்படணும்? இந்த வெள்ளிக்கெழம ராத்திரி ஒரு கல்யாண விருந்து. பிள்ளைங்களையெல்லாம் ஏத்திக்கிட்டு மோட்டார்லயே போறோம்."

மோட்டாரண்ணன் கதவோரம் நின்றிருந்தார். நான் காப்பி கொடுக்கும் சாக்கில் அவரிடம் போய், "நீங்க சொல்லுறீங்களா, நான் சொல்லட்டுமா?" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பகல் வெளிச்சத்தில் எவ்வளவு கூர்மையான கண் அது! பிறகு முதலாளிக்கு முன்னால் போய் நின்று சொன்னார். முதலாளி முதலில் சிரித்தார். "பொங்கோல்லேர்ந்து ஓட்டிட்டு வந்தவனா இதச் சொல்றது?" என்றார். நான், "நான்தான் ரோடு சொன்னேன்" என்றேன். முதலாளியின் சிரிப்பு நின்றது. அவர் முகத்தில் கோபம்கூட இல்லை. தன் பிள்ளைகள் அந்த வண்டியில் ஏறிய மாலைகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்க்கிறார் என்று தோன்றியது. எழுந்து போய், மோட்டாரைச் சுற்றிக் கிளப்பும் இரும்புக் கைப்பிடியை எடுத்துத் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டார். வேறு ஆள் வரும்வரை மோட்டார் எங்கள் வாசலிலேயே நின்றது.

பிற்பாடு மோட்டாரண்ணன் போலீசிலும் போய்ச் சொன்னார். அவருக்கு அபராதம் விழுந்தது. வண்டிக்காரருக்கு லைசென்ஸ் திரும்பக் கிடைத்தது. கால் திரும்பக் கிடைக்கவில்லை. பல ஆண்டுகள் கழித்து மோட்டாரண்ணனைச் சிராங்கூன் சாலையில் பார்த்தேன். காக்கிக் கோட்டு இல்லை. ஒரு மசாலாக் கடையில் பகல்நேரச் சிப்பந்தி. அக்காள் மகளை அவருக்குக் காட்டினேன். "தெரியுது, உங்க அக்கா ஜாடை" என்று அவள் தலையைத் தடவினார்.

போலீசுக்குப் போவதற்கு முன்னால் அவர் வேறோர் இடத்துக்குப் போனார். என்னையும் அத்தானையும் கூட வரச் சொன்னார். அவரைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு நினைவில் வருவது அந்த மாலைதான்.

அந்த வண்டிக்காரர் தேக்கா மாட்டுக்கொட்டகைகளுக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தார். கொட்டகையில் வைக்கோல் நறுக்கும் வேலை. "பகல்ல போவோம்ணே, உங்களுக்குத்தான் கஷ்டம்" என்றார் அத்தான். மோட்டாரண்ணன் ஒப்புக்கொள்ளவில்லை. "பகல்ல என்னப் பாத்தா யாரு நம்புவா?" என்றார். இருட்டிய பிறகு அத்தான் தோளைப் பிடித்துக்கொண்டு சேற்றில் தடுக்கித் தடுக்கி நடந்தார்.

சின்ன அறை. மூலையில் ஒரு மண்ணெண்ணெய் விளக்கு. வண்டிக்காரர் கால்மாட்டில் கம்பை வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தார். அவர் மனைவி முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். வந்தது யார் என்று தெரிந்ததும் முறம் நின்றது.

"உங்க வண்டியில அன்னைக்கு வெளக்கு எரிஞ்சுச்சா?" என்று கேட்டார் மோட்டாரண்ணன், நின்றபடியே.

"இதக் கேக்கவா வந்த?"

"எனக்குத் தெரியணும்."

"எரிஞ்சுது. கோர்ட்டுல தொண்ட கிழியக் கத்துனேனே. கூடத்தானே நின்ன?"

மோட்டாரண்ணன் தன் கண்ணைப் பற்றிச் சொன்னார். எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. அந்தப் பெண் எழுந்து வந்து அவர் கண்ணுக்கு நேரே விரல்களை வேகமாகக் கொண்டுபோனாள். அவர் இமைக்கவில்லை. "நெசந்தான்" என்றாள் அவள் புருஷனிடம்.

"தெரியாதவன் எதுக்குய்யா ஓட்டுன?"

கொட்டகையில் எருமை ஒன்று கனைத்தது.

"போ" என்றார் வண்டிக்காரர். "எம் மூஞ்சியில முழிக்காத. போயிரு."

மோட்டாரண்ணன் திரும்பினார். திரும்பி நேரே சுவரில் போய் மோதினார். கையால் தடவினார். தொங்கிய துணி, பானை, மறுபடி சுவர். அத்தான் அவரைப் பிடிக்கப் போனார். வண்டிக்காரர் கையமர்த்தினார். நாங்கள் அப்படியே இருந்தோம். அந்த உயரமான ஆள் சிறு அறைக்குள் வாசலைத் தேடுவதை வண்டிக்காரர் பார்த்துக்கொண்டே இருந்தார். பார்க்கப் பார்க்க அவர் முகம் என்னவோ ஆனது. கம்பை ஊன்றி எழுந்தார். நொண்டிக்கொண்டே போய் மோட்டாரண்ணன் தோளைப் பிடித்து, முரட்டுத்தனமாகத்தான், வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"கீழ ஒரு படி இருக்கு" என்றார். "ஒசரமான படி. மெதுவா எறங்கு."

மோட்டாரண்ணன் இறங்கிவிட்டாரா என்று பார்த்துவிட்டு, நாங்களும் வெளியே வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டார்.